எழுத்தாளர் அறைக்கு நாற்பது டாலர் கூடுதல்

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு நானும் மனைவி சுதாவும் டெக்சஸில், டாலஸ் பக்கத்துக் காப்பெலில் இருந்து கிளம்பினோம். ஃபோர்ட் வொர்த் தாண்டி இன்டர்ஸ்டேட் இருபது நெடுஞ்சாலையைப் பிடித்தால் அபிலீன் வரை மூன்று மணி நேரம். அங்கிருந்து மேற்கே இன்னும் ஒன்றரை. போன ஊரின் பெயரையும் விடுதியின் பெயரையும் சொல்ல மாட்டேன். வாக்குக் கொடுத்துவிட்டேன்.

நூறு வயது தாண்டிய செங்கல் கட்டடம் அது. குதிரை, துப்பாக்கி, புழுதி என்று கௌபாய் நாவல்களாக எழுதித் தள்ளிய பெரிய எழுத்தாளர் ஒருவர் அதன் ஏழாம் எண் அறையில் மாதக்கணக்கில் தங்கியிருக்கிறார். சாஃப்ட்வேர் டெஸ்டிங் பார்த்துப் பிழைக்கும் நானும் ஆறு வருஷமாக ஒரு நாவல் எழுதுகிறேன். கடைசி அத்தியாயம்தான் பாக்கி. திங்கட்கிழமைக்குள் வராவிட்டால் புத்தகமே கிடையாது என்று சென்னைப் பதிப்பாளர் கறாராகச் சொல்லிவிட்டார். வீட்டில் ஒரே சத்தம், எழுதவே முடியவில்லை என்று நான் புலம்பிய புலம்பலில் சுதாவுக்கு வெறுத்துப் போய்விட்டது. "போதும் சாமி! ரூம் புக் பண்ணு, நான் டிரைவ் பண்றேன்" என்றாள்.

பகல் பன்னிரண்டு. வரவேற்பில் லிண்டா என்ற அறுபது வயது அம்மாள். சாதாரண அறை 149 டாலர், எழுத்தாளர் அறை 189. "நாப்பது டாலர் எதுக்காம்?" என்று சுதா தமிழில் கேட்டாள். "சும்மா இரு" என்றேன் நானும் தமிழில்.

அறையில் இரும்புக் கட்டில். ஜன்னலோரம் கறுத்த மர மேஜை. அதன்மேல் அவர் பெயர் பொறித்த பித்தளைத் தகடு. எனக்குப் புல்லரித்துவிட்டது. மேஜையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. 'மூர்த்தி வாசலில் நின்றான்' என்று எழுதினேன். மூன்று மணி ஆகியும் மூர்த்தி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான்.

முகம் கழுவிவிட்டு வந்தால், சுதா மேஜையின் நான்கு மூலையிலும் குங்குமப் பொட்டு வைத்துக்கொண்டிருக்கிறாள்! ஆயுத பூஜைக்கு லேப்டாப்புக்கு வைப்பாளே, அதே மாதிரி. "என்ன பார்வை? எழுது" என்று அதட்டினாள்.

அந்த நேரம் பார்த்து லிண்டா துண்டுகளோடு வந்தார். "கடவுளே, யாருக்கு அடிபட்டது?" என்று ஆங்கிலத்தில் அலறினார். பெரிய எழுத்தாளர் தொட்ட மேஜை, எங்கள் வழக்கப்படி மரியாதை செய்தோம் என்று சுதா விளக்கினாள். லிண்டா முகம் சுருங்கிக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

மேஜை பழைய சாமான் கடையில் வாங்கியதாம். எழுத்தாளர் இந்த அறையில் தூங்கினார், அவ்வளவுதான். எழுதியதெல்லாம் கீழே மதுக்கூடத்தில், பியானோவுக்குப் பக்கத்தில். சத்தம் இல்லாவிட்டால் அவருக்கு எழுத்தே ஓடாது என்று, அந்தக் காலத்தில் விடுதியை நடத்திய லிண்டாவின் மாமியார் சொல்வாராம். "நீங்கள் கும்பிட்ட பிறகு பொய் சொல்ல மனசு வரவில்லை. தயவுசெய்து வெளியே சொல்லிவிடாதீர்கள்" என்று கேட்டுக்கொண்டார்.

ஐந்து மணிக்குக் கீழே போனோம். பியானோ, தட்டுச் சத்தம், டிவியில் ஃபுட்பால், பண்ணைக்காரர்களின் சிரிப்பு. சுதா என்னையே பார்த்தாள். "அமைதியும் ஆச்சு, சத்தமும் ஆச்சு. இனிமே எங்க போவ?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. "சத்தமெல்லாம் ஒண்ணும் இல்ல சுதா. பயம். முடிச்சா நீ படிப்ப. அதுல வர்ற பொண்டாட்டி நீதான்."

"தெரியும். நான் ரூமுக்குள்ள வந்தாலே லேப்டாப்பை மூடுவியே, அப்பவே தெரியும். கடைசில அவனை விட்டுட்டுப் போயிடுறாளா?"

"போகணும். போனாதான் கதை. எழுத கை வரல."

அவள் லேப்டாப்பைத் திறந்து என் பக்கம் தள்ளினாள். "அவ போகட்டும். நான் இங்கதான் இருக்கேன். எழுது."

எழுதினேன். மூர்த்தி ஒருவழியாக வாசலைத் தாண்டினான்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு வீட்டுக்குக் கிளம்பினோம். நான் டிரைவ் பண்ண, சுதா மடியில் லேப்டாப்பை வைத்துப் படித்துக்கொண்டு வந்தாள். அபிலீன் வரை வலது பக்கம் காற்றாலைகள் வந்துகொண்டே இருந்தன, நான் அவற்றை எண்ணுவது போல் நடித்தேன். ஃபோர்ட் வொர்த் நெருங்கும்போது லேப்டாப்பை மூடி மூக்கை உறிஞ்சினாள்.

"பாவம்பா அவன்" என்றாள். "இவ போயிருக்கக் கூடாது."