ஒரு தையல் மட்டும்

ஐம்பத்தைந்தோ ஐம்பத்தாறோ, வருடம் சரியாக நினைவில்லை. கார்த்திகை மாதம், தீபாவளிக் கூட்டம் ஓய்ந்திருந்த சமயம். கோயமுத்தூர் ராஜ வீதியில் கடைகளைத் திறந்து, வாசல் தெளித்து, சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்த காலை நேரத்தில் நான் ஒரு துணிக்கடைப் படி ஏறினேன். பரதநாட்டிய உடுப்புத் தைக்கப் பச்சைப் பட்டு வேண்டும். ரொம்பச் சின்னத் தேவை என்றுதான் அப்போது நினைத்தேன்.

என் கணவர் சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு மில்லில் வேலை பார்த்தவர். விஷக்காய்ச்சல் வந்து போய்விட்டார். குழந்தை இல்லை. அவர் ஆசையாக வாங்கிக் கொடுத்த தையல் மெஷின் ஒன்று இருந்தது. லைன் வீட்டு ஒற்றை அறையில் அதைப் போட்டுக்கொண்டு, அக்கம்பக்கத்தாருக்கு ரவிக்கையும் பாவாடையும் தைத்து நாளை ஓட்டிக்கொண்டிருந்தேன். உடுமலைப்பேட்டைப் பக்கம் தோட்டம் வைத்திருந்த என் அண்ணனுக்கு அது பிடிக்கவில்லை. "ஒத்தைப் பொம்பளை டவுனுல என்னத்தப் பண்ணப்போறே? தை பொறந்தா வந்து கூட்டிட்டுப் போயிருவேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

அண்ணன் கெட்டவர் இல்லை. வேளைக்குச் சோறு போடுவார். ஆனால் அந்த வீட்டில் எனக்கு என்ன இடம் என்று எனக்குத் தெரியும். விடிந்தால் மாட்டுச்சாளை, அப்புறம் அடுப்படி, வீட்டில் விசேஷம் என்றால் பின்கட்டு. என் அத்தை ஒருத்தி அப்படித்தான் அந்த வீட்டிலேயே கிழவியாகிச் செத்தாள். அவள் முகம் எப்படி இருக்கும் என்றுகூட விருந்துக்கு வந்தவர்களுக்குத் தெரியாது.

அந்தச் சமயத்தில்தான் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்து டான்ஸ் டீச்சர் என்னைத் தேடி வந்தார். நான் தைத்த ரவிக்கையை யாரோ போட்டிருந்ததைப் பார்த்திருக்கிறார். பள்ளிக்கூட ஆண்டு விழாவில் ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி முதன்முதலாக மேடை ஏறுகிறாள், அவளுக்கு உடுப்புத் தைக்க வேண்டும். "இது நல்லா அமைஞ்சா இனிமே ஸ்கூல் டான்ஸ் டிரஸ் பூராவும் உங்களுக்குத்தான்" என்றார். அது மட்டும் கிடைத்துவிட்டால் அண்ணனிடம் தைரியமாக 'நான் வரலைங்கண்ணா' என்று சொல்லிவிடலாம். என் மொத்த நம்பிக்கையும் அந்த ஒரு உடுப்பில் போய் உட்கார்ந்துகொண்டது.

டீச்சர் மாதிரிக்கு ஒரு பழைய உடுப்பைக் கொடுத்திருந்தார். அதை உள்புறம் திருப்பிப் போட்டுத் தையல் தையலாகப் பார்த்தேன். கால்சட்டை மாதிரி ஒன்று, மேலே இடுப்புப் பட்டை, முன்னால் அடுக்கடுக்காக மடித்த விசிறி. ஆடுகிற பெண் முழங்காலை மடக்கி உட்காரும்போது அந்த விசிறி விரிய வேண்டும், எழுந்தால் தானே மூடிக்கொள்ள வேண்டும். சாட்டின் துணி வழுக்கும், மடிப்பு நிற்காது. மெல்லிய பட்டு இரண்டு ஆட்டத்தில் கசங்கிவிடும். கனமான, நல்ல சாயம் ஏறிய பட்டுதான் தாங்கும். கையில் வாங்கிக் கசக்கிப் பார்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஓரத்தை ஈரக் கைக்குட்டையால் தேய்த்துப் பார்த்து எடுக்க வேண்டும். இதையெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு கிளம்பினேன். கடைக்காரர் துணியை என் கையில் கொடுப்பாரா என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

முதல் கடையில் பச்சைப் பட்டு தீர்ந்துவிட்டது என்றார்கள். சொன்னவரின் தலைக்குப் பின்னாலேயே பச்சையில் நாலைந்து அடுக்கி வைத்திருந்தது. அதைக் காட்டினேன். "அது ஆர்டருக்கு எடுத்து வெச்சதுங்கம்மா" என்றார். அடுத்த கடையில், சாவி வைத்திருப்பவர் இன்னும் வரவில்லையாம். இன்னொன்றில், "பொழுதேறி வாங்களேனுங்க" என்றார்கள். அதற்கும் அடுத்ததில் நான் படியில் கால் வைப்பதற்குள்ளேயே ஒருவர் எழுந்து வந்து வாசலை மறித்த மாதிரி நின்றுகொண்டு, மிகவும் பணிவாக என்ன வேண்டும் என்று கேட்டார்.

ஒன்று சொல்ல வேண்டும். ஒருத்தர்கூட மரியாதைக் குறைவாகப் பேசவில்லை. 'ங்க' போடாமல் ஒரு வார்த்தை வரவில்லை. அதனாலேயே எனக்கு விஷயம் புரிய நேரமாயிற்று. இன்றைக்கு என் ராசி, எங்கேயும் சரக்கு இல்லை போலிருக்கிறது என்று அசடு மாதிரி வீதியை அளந்துகொண்டிருந்தேன். கடைசியில் ஒரு கடைக் கல்லாவில் இருந்த வயதானவர்தான் குரலைத் தாழ்த்தி, "அம்மணி, தப்பா நெனைச்சுக்காதீங்க. இன்னும் போணியே ஆகலைங்க" என்றார்.

அப்போதுதான் குனிந்து என் சேலையைப் பார்த்தேன். வெள்ளைச் சேலை. அன்றைய முதல் வியாபாரத்தை வெள்ளைச் சேலைக்காரி கையால் தொடங்க யாருக்கும் மனம் வரவில்லை.

சரி, போணி ஆகட்டும் என்று மணிக்கூண்டுப் பக்கம் போய் நின்றேன். உச்சிவெயில் ஏறியதும் திரும்பப் போனேன். அப்போது வேறு தடை. நூல் சேலை எடுக்கப் போயிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. பட்டு என்றால் கல்யாணம். ஜமக்காளம் நிறைய முகூர்த்தப் பட்டு எடுக்க வந்த குடும்பங்கள் உட்கார்ந்திருந்தன. நான் போனதும் ஒரு தாய், தன் கல்யாணப் பெண்ணின் தோளைப் பிடித்து மெல்ல அந்தப் பக்கம் திருப்பி உட்கார வைத்தாள். கடைக்காரர் என்னைப் பார்த்தார். நானே இறங்கிவிட்டேன். கோயமுத்தூரில் நல்ல துணிக்கடை எது என்று யாருக்காவது தெரிய வேண்டுமானால் என்னைக் கேட்கலாம். எல்லாக் கடையையும் வாசலில் நின்றே பார்த்தவள் நான்.

வீட்டுக்குப் போக மனம் வரவில்லை. மேடை ஏறப்போகிற அந்தக் குழந்தையின் வீடு ஆர்.எஸ்.புரத்தில் இருந்தது. வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு அண்ணனுக்கு ஒரு கார்டு போட்டுவிடலாம் என்று அங்கே போனேன். பெரிய வீடு, வீட்டுக்குள் தெலுங்கு பேசுகிற மில் முதலாளிக் குடும்பம். குழந்தையின் அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். நடந்ததைச் சொல்லச் சொல்ல அவருக்கு முகம் சிவந்துவிட்டது. எனக்குக் காப்பி கொடுத்தார். அவர்கள் வீட்டு டம்ளரில், தன் கையாலேயே. "இந்தக் காலத்துலயுமா இதெல்லாம் பாக்கறாங்க? நாளைக்கு நீங்க என்ற கூட வாங்க அம்மணி, எவன் குடுக்க மாட்டேங்கறான்னு பாத்துப்போடலாம்" என்றார்.

மறுநாள் காலையில், கடை திறக்கிற நேரமாகப் பார்த்து, தங்கள் காரில் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கூட்டிப் போனார். முந்தின நாள் பச்சை தீர்ந்துபோன அதே கடை. முதலாளியே எழுந்து வந்து கும்பிட்டார். "ஏனுங்க, இந்தம்மா கேட்டா இல்லாத பச்சை, நான் வந்தா மட்டும் எங்கிருந்துங்க மொளைக்குது?" என்று அந்த அம்மாள் கடை முழுக்கக் கேட்கும்படி கேட்டார். "துணியை அவங்க கையில குடுங்க. அவங்க பாத்துச் சொன்னாத்தான் நான் எடுப்பேன்."

அலமாரி முழுக்கக் கீழே இறங்கியது. கசக்கிப் பார்த்தேன், வெளிச்சத்தில் பிடித்தேன், ஈரத் துணியால் தேய்த்தேன். கிளிப்பச்சை வேண்டாம் என்றேன், இலைப்பச்சை எடுக்கச் சொன்னேன். அரக்குக் கரை, கனமான ஜரிகை. இதுதான் என்று நான் தலையாட்டியதும் அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே அதையே வாங்கிக் கொடுத்தார். அன்றைய போணி அதுதான். காரில் திரும்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் அழுதுவிட்டேன். கணவர் போன பிறகு யாரும் என் கையைப் பிடித்ததில்லை.

அந்த உடுப்பை எப்படித் தைத்தேன் என்று எனக்குத்தான் தெரியும். ஒவ்வொரு மடிப்பையும் தேய்த்து, ஊசி குத்தி நிறுத்தி, கரை ஒரே நேராக இறங்குகிறதா என்று தள்ளி நின்று பார்த்து, பிடிக்காவிட்டால் பிரித்து மறுபடி மடித்தேன். விசிறியை இடுப்புப் பட்டையில் சேர்க்கிற இடம்தான் சிரமம். அத்தனை மடிப்பும் அங்கே ஒன்றாகச் சேர்ந்து தடித்துவிடும். மெஷினைக் கையால் உருட்டி உருட்டி இரட்டைத் தையல் போட்டேன். பிறகு இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை.

விழாவுக்கு முந்தின நாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். குழந்தை அதைப் போட்டுக்கொண்டு கூடம் முழுக்கச் சுற்றினாள். அந்த அம்மாள் விசிறியைத் தடவித் தடவிப் பார்த்தார். பிறகு குழந்தையை உள்ளே அனுப்பிவிட்டு என் பக்கத்தில் வந்தார். அவர் குரல் மாறியிருந்தது.

"ஒண்ணு கேட்டா வருத்தப்படக் கூடாதுங்க. எனக்கு இதுல எல்லாம் நம்பிக்கை இல்லீங்க. ஆனா கொழந்தைக்கு மொதல் மேடை. பெரியவங்க நாளைக்கு ஏதாச்சும் சொல்லிப்போடுவாங்க. ஒரு தையல் மட்டும் பிரிச்சுக் குடுத்துருங்க, அதை என்ற கையால நான் போட்டு முடிச்சுக்கறேன்."

எந்தத் தையல் என்று கேட்டேன். விசிறி பட்டையில் சேருகிற இடத்தைக் காட்டினார். அதைச் சேர்த்தால்தானே உடுப்பு முழுசாகிறது, அதனால் அதுதான் கணக்காம். அது கஷ்டமான இடம், வேண்டுமானால் கீழே ஓரம் மடித்த தையலைப் பிரித்துத் தருகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். "எங்க ஊட்டுலயும் மிஷின் இருக்குதுங்க" என்று சிரித்தார். அவரிடம் நான் எப்படி மாட்டேன் என்று சொல்வேன்? எனக்காகக் கடையில் சண்டை போட்டவர். பள்ளிக்கூடத்து வேலை கிடைப்பதும் அவர் வாயில்தான் இருந்தது. பிளேடு வாங்கி, அவர் கண் முன்னாலேயே என் இரட்டைத் தையலைப் பிரித்தேன். நூல் அறுகிற ஒவ்வொரு சத்தமும் எனக்குக் கேட்டது.

விழாவன்று பள்ளிக்கூட ஹாலில் கடைசி வரிசையில், சுவரை ஒட்டி நின்றுகொண்டிருந்தேன். குழந்தை மேடைக்கு வந்ததும் விளக்கு வெளிச்சத்தில் அந்தப் பச்சை அப்படி ஜொலித்தது. எனக்கு முன்னால் இருந்தவர்கள் யார் தைத்தது என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். அந்தக் கொஞ்ச நேரம் நான் சந்தோஷமாக இருந்தேன். மறைக்க என்ன இருக்கிறது, ரொம்பச் சந்தோஷமாக இருந்தேன்.

பாதி ஆட்டத்தில் குழந்தை முழங்காலை மடக்கி உட்கார்ந்தபோது விசிறி விரிந்தது. விரிந்தது மூடவில்லை. ஒரு பக்கம் பட்டையிலிருந்து பிய்ந்து தொங்கியது. குழந்தை இடது கையால் அதைப் பிடித்துக்கொண்டாள். பிடித்துக்கொண்டே, வலது கையால் மட்டும் அபிநயம் பிடித்து, கண்ணில் நீர் ஓட ஓடக் கடைசி வரை ஆடி முடித்தாள். ஹாலில் சில பேர் சிரித்தார்கள்.

நான் மேடைக்குப் பின்னால் ஓடினேன். டீச்சர் என்னைப் பார்த்ததும், "என்னம்மா தையல் இது? மானத்தை வாங்கிட்டீங்களே!" என்று எல்லார் முன்னிலையிலும் கத்தினார். வயதான அம்மாள் ஒருத்தர், "வெள்ளைச் சீலை கை பட்ட துணி வேற எப்படியாகும்?" என்றார். குழந்தையின் அம்மா அங்கேதான் நின்றிருந்தார். நான் அவரைப் பார்த்தேன். ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதை நானே சொல்லியிருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். சொல்வதென்றால் அந்தத் தையலை ஏன் பிரித்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். என் கை ஆகாத கை என்று நானே அத்தனை பேர் நடுவில் சொல்ல வேண்டும். வாய் வரவில்லை.

குழந்தைதான் நிமிர்ந்து, "அம்மா, அந்தத் தையல் நீங்கதானே…" என்று ஆரம்பித்தாள். அவர் சட்டென்று முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்தார். கண்ணைத் துடைத்தார், மூக்கைத் துடைத்தார், வாயையும் சேர்த்து மூடித் துடைத்தார். "அழாத கண்ணு, ஊட்டுக்குப் போலாம்" என்று அழைத்துக்கொண்டு போய்விட்டார். என் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

பள்ளிக்கூடத்து வேலை கடைவீதியில் ஒரு தையற்காரருக்குப் போயிற்று. தை பிறந்ததும் அண்ணன் வந்தார். நான் மெஷினை வண்டியில் ஏற்றிவிட்டு ஏறி உட்கார்ந்துகொண்டேன். சில மாதம் கழித்து, லைன் வீட்டில் பக்கத்து அறையில் இருந்தவள் எதற்கோ உடுமலைக்கு வந்தபோது என்னைப் பார்க்க வந்தாள். நான் போன பிறகு பெரிய காரில் ஓர் அம்மாள் வந்து என்னைக் கேட்டாராம். கையில் பச்சையாக ஒரு துணி மூட்டை வைத்திருந்தாராம். ஊருக்குப் போய்விட்டேன் என்றதும் பூட்டிய கதவையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போனாராம். அந்த உடுப்பைச் சரிசெய்ய வந்தாரா, என்னிடம் ஏதாவது சொல்ல வந்தாரா என்பது எனக்குத் தெரியாது.

நான் அஞ்சிய வாழ்க்கைதான் வாய்த்தது. மாட்டுச்சாளையும் அடுப்படியும் போக மிச்ச நேரத்தில் அண்ணன் வீட்டுக் குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடச் சட்டை தைக்கிறேன். கல்யாணத் துணி எதுவும் என்னிடம் வருவதில்லை. ராஜ வீதியில் எனக்குத் துணி காட்ட மறுத்த கடைக்காரர்களின் முகம் ஒன்றுகூட இன்று எனக்கு நினைவில்லை, அவர்கள்மேல் கோபமும் இல்லை. எனக்காகப் பரிந்து பேசி, என் கையைப் பிடித்துக்கொண்ட அந்த ஒரு முகத்தைத்தான் என்னால் மறக்கவும் முடியவில்லை, மன்னிக்கவும் முடியவில்லை.