கட்டை வெச்சா ஊடு

கிட்ட வந்து உட்காருங்க சாமி. தள்ளி உட்கார்ந்தால் நான் பேசுவது பாதி காதில் விழாது. லாரியில் குடும்பம் நடத்துகிற தொழிலில் வண்டி ஓட்டுவது ஒரு கஷ்டமே இல்லை. விருந்தாளி வந்தால் எங்கே உட்கார வைப்பது என்பதுதான் கஷ்டம். ஒற்றை அறை வீட்டில் சொந்தக்காரர்களுக்குப் பாயை விரித்துவிட்டு வாசலில் குந்திக் கிடந்தவர்கள் உங்களில் எத்தனை பேரோ, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். உங்களுக்காவது வாசல் என்று ஒன்று இருந்தது.

நாமக்கல் பக்கம் எங்களுக்கு ஒரு ஓட்டு வீடு இருந்தது. ரோட்டை அகலம் பண்ணுகிறோம் என்று எடுத்துக்கொண்டார்கள். அதற்குக் கொடுத்தது எங்கள் ஒரே மகள் மேகலாவின் படிப்பில் கரைந்தது. மிஞ்சியது பழைய லாரி ஒன்றுதான். ஊட்டுக்காரர் ஓட்டுவார், நான் கிளீனர். சோறு பொங்குவது, படுப்பது, சண்டை போடுவது எல்லாம் கேபினுக்குள்ளேயே. "ஒரு வருசத்துக்குத்தான் சரசு, அப்புறம் ஒரு ஊடு பார்த்துக்கலாம்" என்றார். அந்த ஒரு வருசம் நீண்டுகொண்டே போனது. அவருக்கு மனசில் ஒரே பயம். எந்தப் பெண்ணுக்கும் தலைப்பிரசவம் தாய் வீட்டில்தானே? நம்ம பொண்ணு பிள்ளை பெற எந்த வீட்டுக்கு வருவாள்?

வலது கால்

முதல் விருந்தாளி எங்கள் நங்கையா, ஊட்டுக்காரருடைய அக்கா. ராசிபுரத்திலிருந்து பஸ் ஏறி, லாரிப்பேட்டையைத் தேடிக் கண்டுபிடித்து, கையில் பாலும் சர்க்கரையுமாக வந்து நின்றார். புது வீட்டில் பால் காய்ச்ச வேண்டுமாம். அவரைப் பார்த்ததும் ஊட்டுக்காரர் இஞ்சினை நிறுத்தினார். இறங்கிப் போய் டூல் பாக்ஸைத் திறந்து, கருவேலங்கட்டை ஒன்றை எடுத்து முன்சக்கரத்துக்கு அடியில் வைத்துத் தட்டினார். வண்டி உருளாமல் இருக்க எல்லா டிரைவரும் வைக்கிற கட்டைதான். ஆனால் இவர் நிமிர்ந்து ஒரு சட்டம் போட்டார்: "கட்டை வெச்சா இது ஊடு. கட்டையை எடுத்தாத்தான் வண்டி." கட்டை கிடக்கும்போது செருப்போடு யாரும் ஏறக்கூடாது, லோடு பேச்சு பேசக்கூடாது. இஞ்சின் ஓடினால் கட்டை கிடையாது. கடைசி வரை அந்தச் சட்டத்தை அவர் மீறியதில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

லாரிப் படியில் இடது காலை முதலில் வைத்தால்தான் ஒழுங்காக ஏற முடியும். நங்கையா கேட்கவில்லை. புது வீட்டுக்குள் வலது காலைத்தான் வைப்பேன் என்று வைத்தார். கால் பின்னிக்கொண்டது, உடம்பு திரும்பியது, பால் தூக்கை மார்போடு அணைத்தபடி மல்லாக்க சீட்டில் போய் விழுந்தார். நானும் அவரும் சிரிக்கவும் முடியாமல், தூக்கவும் தெரியாமல் நின்றோம். பால் ஒரு சொட்டு சிந்தவில்லை. படுத்த வாக்கிலேயே நங்கையா சொன்னார்: "ஏன்டா தம்பி, வலது காலை வெச்சு ஏறுனா உன்ற ஊட்டுக்குள்ள முதுகுதான்டா மொதல்ல போகுது!"

செவ்வாய்ப்பேட்டை விருந்து

என் தம்பிக்குக் கல்யாணமான புதிது. புதுப் பெண் மாப்பிள்ளையை விருந்துக்கு அழைக்காமல் இருக்க முடியுமா? சேலம் செவ்வாய்ப்பேட்டையில் பருப்பு மூட்டை இறக்கிவிட்டு, அந்தச் சந்திலேயே ஊட்டுக்காரர் கட்டையை வைத்தார். காலியான வண்டியின் பின்தளத்தில் தார்ப்பாய் விரித்து, இலை போட்டு, கோழிக் குழம்பு ஊற்றினேன். புதுப்பெண்ணுக்கு வெட்கம். சந்தில் போகிற வருகிறவர்கள் எல்லாம் அவள் இலையை எட்டிப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

பின்னால் இன்னொரு லாரி வந்து நின்று ஹார்ன் அடித்தது. அதற்குப் பின்னால் ஆட்டோ, மாட்டு வண்டி, டவுன் பஸ் ஏறப் போகிறவர்கள். கடைக்காரர் கத்தினார். எங்கள் ஊட்டுக்காரர் குழம்புக் கரண்டியோடு எழுந்து நின்று, "விருந்தாளி கை கழுவுற வரைக்கும் கட்டையை எடுக்க மாட்டனுங்க" என்றார். தம்பி அவசர அவசரமாக விழுங்கினான். மூட்டை தூக்குகிற பெரியவர் ஒருவர் கும்பிட்டுக்கொண்டே வந்தார். அவர் சொன்னதில் புதுப்பெண்ணுக்குப் புரையேறிவிட்டது: "அண்ணா, மோர் ஊத்தறதுக்குள்ள உங்க ஊட்டை ஒரு நாலடி முன்னால தள்ளுனீங்கன்னா, நாங்க கடைக்குள்ள போயிக்குவமுங்க!"

ஹாஸ்டல் லீவு

மேகலாவுக்கு லீவு விட்டால் ஹாஸ்டல் வாசலுக்கே லாரியைக் கொண்டுபோய் நிறுத்துவோம். மற்ற பிள்ளைகளைக் கூப்பிட யாராவது பைக்கில் வருவார்கள், பஸ்ஸில் வருவார்கள். அவள் அப்பா கட்டையை வைத்துவிட்டு, தோள் துண்டால் சீட்டைத் துடைத்துவிட்டு, "வா சாமி, ஊட்டுக்கு வா" என்று கதவைத் திறந்து பிடிப்பார். அவள் தலையைக் குனிந்தபடியே ஓடி வந்து ஏறுவாள். ஏறினதும் கட்டையை எடுத்துவிட்டு வண்டியைக் கிளப்பச் சொல்வாள். இஞ்சின் சத்தம் கேட்டால் போதும், என் மடியில் தலை வைத்துத் தூங்கிவிடுவாள். உச்சி வெயிலில் நிற்கும்போதுகூட, அவள் தூங்கட்டும் என்று அவர் கொஞ்ச நேரம் இஞ்சினை ஓடவிடுவார்.

ஒருமுறை சங்ககிரி தாண்டும்போது தூங்கவில்லை. வெளியே பார்த்துக்கொண்டே வந்தவள் சிரித்தாள். சிரிப்பாகத்தான் தொடங்கியது. அவர் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்ததை நான் பார்த்தேன். அன்று அவள் சொன்னதை அவர் அப்புறம் ஒரு நாளும் வாய்விட்டுச் சொல்லவில்லை, மறக்கவும் இல்லை: "எல்லாரும் லீவுக்கு ஊட்டுக்குப் போறாங்கம்மா, எனக்கு மட்டும்தான் ஊடு வந்து நிக்குது."

ஆடி அழைப்பு

மேகலாவைக் குமாரபாளையத்தில் தறிக்காரர் வீட்டில் கொடுத்தோம். மாப்பிள்ளை தங்கமான பையன். சம்பந்தியம்மாவும் கெட்டவர் இல்லை, வாய் மட்டும் தறி நாடா மாதிரி ஓடும். ஆடி பிறந்தது. கல்யாணமான பெண்ணைத் தாய் வீட்டுக்கு அழைத்துவர வேண்டும். அந்தத் தறிச் சந்துக்குள் லாரி நுழையாது. பைபாஸில் நிறுத்திவிட்டு, தட்டில் தேங்காய் பழத்தோடு நடந்து போய் அழைத்தோம். "நானும் என்ற மருமகளோட தாய் ஊட்டைப் பார்க்கறனுங்க" என்று சம்பந்தியம்மாவும் கூடவே நடந்து வந்தார்.

கட்டையை வைத்தார். நான் உளுந்து வடை சுட்டேன். சம்பந்தியம்மா சீட்டில் கால் மடக்கி உட்கார்ந்து, கேபினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். சாமி படம், மசாலா டப்பா, கொடியில் என் சேலை. வடையைக் குறை சொல்லவில்லை. நன்றாகத்தான் சாப்பிட்டார். இறங்கும்போது மேகலாவின் கையைப் பிடித்துக்கொண்டு, யாரையும் நோகடிக்க வேண்டும் என்று இல்லாமல், சாதாரணமாகத்தான் கேட்டார்: "ஆடிக்குச் சரிங்க சம்பந்தி, நாலு நாளைக்கு லாரியில சுத்திட்டு வரட்டும். புள்ளப்பேத்துக்கு எங்கீங்க கூட்டிட்டுப் போவீங்க? பச்சை ஒடம்புக்காரி இந்தப் படியிலயா ஏறுவா?"

வாழப்பாடி ஊடு

அதற்கப்புறம் ஊட்டுக்காரர் ஓய்ந்து உட்காரவில்லை. லோடுக்கு மேல் லோடு. ஜவ்வரிசி மூட்டை ஏற்றுவார், இறக்கின கையோடு வேறு ஏற்றுவார். நடுவில் வண்டியை ஓரம்கட்டி நெஞ்சைத் தடவிக்கொள்வார். கேட்டால் "வாயு" என்பார். மேகலாவுக்கு மாசம் ஏற ஏற, வாழப்பாடியில் வாடகைக்கு ஒரு வீடு பிடித்துவிட்டார். ஓடு இல்லை, மாடி இல்லை, ஆனால் தரையோடு தரையாக ஒரு வாசல். பக்கத்தில் காலி மனை, அங்கே லாரி. வீட்டில் பால் காய்ச்சின அன்றே கட்டையைத் துடைத்து டூல் பாக்ஸில் போட்டுப் பூட்டினார். "இனி அது வேண்டாம் சரசு. ஊடு அங்க இருக்குது. இது வண்டி" என்றார். அதே வாரம் சேலத்து டாக்டர், இதயம் வீங்கிக் கிடக்கிறது, இனி வண்டி ஓட்டவே கூடாது என்று சொல்லிவிட்டார்.

பேத்தி பிறந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே அந்த வாசலில் இறங்கி, ஆரத்தி எடுத்து, மேகலா தாய் வீட்டுக்குள் வந்தாள். அவர் ஒரு மூலையில் நின்று அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஆனால் பிள்ளை தூங்கவில்லை. பகலெல்லாம் வீறிட்டு அழுகை. பால் கொடுத்துப் பார்த்தோம், வேப்பிலை சுற்றிப் போட்டோம். சம்பந்தியம்மா பார்க்க வந்தபோது சிரித்தார்: பத்து மாசமும் தறிச் சத்தத்திலேயே வளர்ந்த பிள்ளை, இந்த அமைதி அதற்கு ஆகவில்லை, தங்கள் வீட்டில் கரண்ட் போய்த் தறி நின்றால் எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாக எழுந்து அழும் என்றார்.

இவர் அதைக் கேட்டுக்கொண்டே எழுந்து போனார். சன்னலை ஒட்டி நின்ற லாரியில் ஏறி, இஞ்சினை ஓடவிட்டார். சுவர் லேசாக அதிர்ந்தது. பிள்ளை இரண்டு தடவை கொட்டாவி விட்டுத் தூங்கியது. பார்த்தால் அதன் அம்மாவும் தூங்கியிருந்தாள். நான் வெளியே ஓடிப்போய்த் திட்டினேன். டாக்டர் சொன்னது காதில் விழவில்லையா என்றேன். ஸ்டியரிங்கில் கையை ஊன்றிக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொன்னார்: "ஓட்டக்கூடாதுன்னுதான் சொன்னாரு சரசு, ஸ்டார்ட் பண்ணக்கூடாதுன்னு சொல்லலையே?"

கடைசி விருந்து

தினமும் மத்தியானம் அதுதான் அவருக்கு வேலை. அன்றைக்கும் சாப்பிட்டுவிட்டு, "நீயும் செத்த படு சரசு" என்று சொல்லிவிட்டுப் போனார். இஞ்சின் சத்தம் வந்தது. நானும் மகளும் பேத்தியும் வரிசையாகப் படுத்துத் தூங்கினோம். வருசக்கணக்கில் அந்தச் சத்தத்தில் தூங்கினவள்தானே நானும். முழித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. இஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. டீ போட்டு எடுத்துக்கொண்டு போனேன். சீட்டில் சாய்ந்திருந்தார். "டீ குடிக்கறீங்களா?" என்றேன். தலை ஆமாம் ஆமாம் என்று ஆடியது. அது இஞ்சின் ஆட்டுகிற ஆட்டம் என்று தெரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. பக்கத்து வீட்டுக்காரர் ஏறிச் சாவியைத் திருப்பினார். இஞ்சின் நின்றதும் உள்ளே பேத்தி அழுதாள். அவருக்காக விழுந்த முதல் அழுகை அதுதான்.

நங்கையா வந்தார், தம்பி வந்தான், சம்பந்தியம்மா வந்தார். எங்கே கிடத்துவது என்று பேச்சு வந்தது. வீட்டுக்கு வெளியே உயிர் போனால் உடம்பை வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது என்பது எங்கள் பக்கத்துப் பழக்கம். அதிலும் பச்சைப் பிள்ளை இருக்கிற வீடு, அதிலும் வாடகை வீடு. நங்கையாவே மாரில் அடித்துக்கொண்டு, "ஊடு ஊடுன்னு அலைஞ்சியேடா தம்பி, கடைசியில வண்டியில போயிட்டியேடா!" என்று கதறினார். அப்போது சன்னலுக்குள்ளிருந்து மேகலா கூப்பிட்டாள். பிள்ளையை மாரோடு பிடித்துக்கொண்டு, கம்பி வழியே முன்சக்கரத்தைக் காட்டினாள். "அத்தை, அங்க பாருங்க. அப்பா கட்டை வெச்சிருக்குது."

வைத்துத்தான் இருந்தார். டூல் பாக்ஸ் பூட்டு திறந்து தொங்கியது. அதற்கப்புறம் யாரும் பழக்கம் பேசவில்லை. லாரியின் பின்தளத்தில் தார்ப்பாய் விரித்து, அவரைக் கிடத்தி, தலைமாட்டில் விளக்கேற்றினோம். வந்தவர்கள் எல்லாம் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார்கள். அவரை அவர் வீட்டிலிருந்தே எடுத்தோம். நங்கையா மட்டும் பின்பக்கமாக ஏறாமல் கேபின் படிக்குப் போனார். நான் தாங்கிப் பிடித்தேன். தடுமாறித் திரும்பி, முதுகு முதலில் உள்ளே போய், அவர் சாய்ந்திருந்த சீட்டில் கையை வைத்தபடி சொன்னார்: "வந்துட்டேன்டா தம்பி, உன்ற ஊட்டுக்கு வலது காலைத்தான்டா வெச்சு வந்திருக்கறேன்."

விருந்தாளி வந்தால் மட்டுமே கட்டையை வைத்த மனுசன், நெஞ்சு அடைக்கிற நேரத்தில் உள்ளே தூங்குகிற பிள்ளை முழித்துவிடக் கூடாது என்று இஞ்சினை நிறுத்தாமலே இறங்கி, தன் சட்டத்தைத் தானே மீறி, தனக்காக ஒரே ஒரு தடவை அதை வைத்துத் தட்டிவிட்டு மறுபடி ஏறி உட்கார்ந்திருக்கிறார், கெட்டிக்காரர்.