முப்பத்தெட்டுக் கேள்விகளும் ஒரு பெரிய வண்டியும்

நான் இருக்கும் ஜெர்மன் ஊரில், பழைய கார் விற்பவர்கள் அதன் குறைகளைத் தாங்களே எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். நான் வந்த புதிதில், மாடி வீட்டு பெக்கர் அம்மாள் தன் காரைக் காட்டிவிட்டு ஒரு தாளை நீட்டினார். பின்கதவில் கீறல், இடது கண்ணாடி இறங்காது, ஈரத்தில் பிரேக் கிறீச்சிடும் என்று வரிசையாக இருந்தது. இவ்வளவு குறை சொல்கிறார் என்றால் எனக்கு விற்க அவருக்கு மனமில்லை, அதை நாசூக்காகத் தெரிவிக்கிறார் என்று எடுத்துக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன். மறுநாள் படிக்கட்டில் நிறுத்திக் கேட்டார்: "எல்லாவற்றையும் சொன்னேனே, பிறகு ஏன் போய்விட்டீர்கள்?" சொன்னதால்தான் போனேன் என்பதை விளக்க எனக்குத் தெரிந்த ஜெர்மன் போதவில்லை. அந்தக் காரையே வாங்கிக்கொண்டேன். பிரேக்குகளைச் சோதிப்பது என் வேலை. பட்டியல் இல்லாமல் எனக்கு எதுவும் ஓடாது. அவருடைய தாளில் தொடங்கிய என் பட்டியல் மெல்ல வளர்ந்து முப்பத்தெட்டுக் கேள்விகளானது. டயர் செய்த வருடம், மறுபடி பெயின்ட் அடித்த இடம், பனிக்காலத்தில் சாலையில் கொட்டும் உப்பு வண்டியின் அடிப்பாகத்தை அரித்திருக்கிறதா என்பது வரை அதில் உண்டு.

போன ஜனவரியில் விடுமுறைக்குக் கடலூர் போனபோது அந்தப் பட்டியலும் கூடவே வந்தது. அப்பாவுக்கு இரண்டு முழங்காலிலும் அறுவை சிகிச்சை முடிந்திருந்தது. வாரம் இரண்டு முறை மஞ்சக்குப்பத்திலிருந்து சிதம்பரத்துக்குப் பயிற்சிக்குப் போக வேண்டும். பஸ் படி ஏற முடியாது. மலர் அக்காவின் சின்னக் காரில் காலை மடக்கித்தான் உட்கார முடியும். அந்த வலிக்குப் பயந்து "அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்று படுத்துவிடுவார். இப்படித் தவறவிட்டால் மூட்டு இறுகிவிடும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். உயரமான சீட் உள்ள பெரிய வண்டி வேண்டும். நான் விமானம் ஏற நான்கு நாள்தான் இருந்தது.

பரங்கிப்பேட்டையில் ஒரு எஸ்யூவி விற்பனைக்கு இருந்தது. வண்டி துபாயில் இருக்கும் மகனுடையது; அவருடைய வயதான அத்தா சாவியோடு காத்திருந்தார். சீட் சரியாக இடுப்புயரத்தில் இருந்தது. அப்பா பின்பக்கமாகச் சாய்ந்து, யார் கையையும் பிடிக்காமல் உட்கார்ந்தார். "இது தோதா இருக்கும்மா" என்றார். பிறகு இறங்கவே இல்லை.

நான் ஒரு மணி நேரம் பார்த்தேன். வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். பெரியவர் அக்காவிடம் கேட்டார்: "ஏம்மா, பாப்பா ஆர்டிஓ ஆபீஸா?"

"அதுக்கும் மேல, பாய். என்னைப் பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ளையகூட இவ இப்படித்தான் நோண்டுனா."

விபத்து ஏதாவது உண்டா என்று கேட்டேன். "சத்தியமா இல்லம்மா" என்றார். அது உண்மைதான். முப்பத்தெட்டுக்கும் டிக் போட்டுவிட்டு அக்காவைப் பார்த்துத் தலையசைத்தேன். அதுவரை வண்டியைத் தொடக்கூடத் தொடாத அக்கா, வேப்பமர நிழலில் நின்றபடியே கேட்டாள்:

"பாய், அந்த மழைக்கு வண்டி எங்க நின்னுச்சு?"

"வாசல்லதாம்மா. சீட்டு வரைக்கும் தண்ணி" என்றார், கொஞ்சமும் தயங்காமல். "ஊட்டுக்குள்ள கட்டிலே முழுகிடுச்சு, வண்டிய எங்க தூக்கி வெப்பேன்? நான் மறைக்கலம்மா. பாப்பா அவ்ளோ கேட்டுது, இத மட்டும் கேக்கல."

சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தேன். சுருளுக்குள் இருந்த கடைசிச் சாண் முழுக்க மெல்லிய வண்டல் ஒட்டியிருந்தது. ஏர்பேக் ஒயர்கள் உட்பட எல்லாமே அந்தத் தண்ணீரில் ஊறியவை. வண்டி எந்த நாளில் எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது. புதுச்சத்திரம் தாண்டி ரோட்டோரம் நின்றுவிட்டால் அப்பாவை என்ன செய்வது? ஊரையே மூழ்கடித்த அந்த மழையின்போது நான் ஜெர்மனியில் இருந்தேன். எங்கள் தெருவைப் போனில்தான் பார்த்தேன். கடலூரில் இருந்தவர்கள் வண்டி வாங்கினாலும் ஃபிரிட்ஜ் வாங்கினாலும் முதலில் கேட்பது இதைத்தான். எனக்கு அது தோன்றவே இல்லை.

"எறங்குங்கப்பா" என்றேன்.

"ஏன், நல்லாத்தான இருக்கு?"

"தண்ணி ஏறுன வண்டிப்பா."

அவர் மெல்லக் காலைக் கீழே வைத்தார். இறங்குவதற்கும் யார் கையும் தேவைப்படவில்லை. அதைப் பார்ப்பதுதான் கஷ்டமாக இருந்தது. திரும்பும் வழியில் அக்கா சிரித்தாள்: "உப்பு கொட்டுனாங்களான்னு கேட்ட பாத்தியா, பாய் கருவாட்டுக்குன்னு நெனச்சிட்டாரு."

மூன்று வாரம் கழித்து, நான் ஜெர்மனி திரும்பியிருந்தபோது, நெல்லிக்குப்பத்திலிருந்து அக்கா வீடியோவில் கூப்பிட்டாள். வேறொரு பெரிய வண்டி. மழைக்கு எங்கே நின்றது என்பதை முதலிலேயே கேட்டிருந்தாள். மேட்டுத் தெரு, தண்ணீர் வரவில்லையாம். பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துக் காட்டினாள். சுத்தமாக இருந்தது.

"கழுவிக்கூட வெச்சிருப்பாங்கக்கா. பூஞ்ச வாடை வருதான்னு பாக்கணும்."

"இந்தா, மோந்து பாரு" என்று அக்கா அவசரத்தில் பெல்ட்டைப் போன் அருகே நீட்டினாள். நானும் சமையலறை மேஜையில் குனிந்து, மூக்கைத் திரைவரை கொண்டுபோய்விட்டேன். கண்ணாடியில் என் மூச்சுதான் படிந்தது. அங்கே அக்கா முகர்ந்து பார்த்து "ஒன்னும் இல்லடி" என்பது கேட்டது. நான் திரையைத் துடைத்தேன். அக்காவுக்குப் பின்னால், அந்தச் சீட்டில், அப்பா ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருந்தார்.