ஏழாம் நம்பரோடு ஓடிப்போனவன்

இந்த நகரத்தில் பஸ்ஸில் ஏறினால், முன்னால் நிற்பவரின் சட்டை முதுகில் இன்னொருவருடைய பெயர் இருக்கும். வந்த புதிதில் எனக்கு இது விளங்கவில்லை. ஒஷாவாப் பக்கம் ஒரு வெயர்ஹவுஸில் வேலை. கூட வேலை செய்த கட்டையான வெள்ளைக்காரரை, அவருடைய முதுகில் இருந்த பெயரைச் சொல்லி மூன்று மாதம் மரியாதையாகக் கூப்பிட்டேன். அது எங்கள் நகரத்துக் கூடைப்பந்து அணியில் ஆடும் ஏழடி மனிதரின் பெயராம். அவரும் ஒருநாள்கூடத் திருத்தவில்லை. கூப்பிடக் கூப்பிட இன்னும் கொஞ்சம் நிமிர்ந்துதான் நடந்தார்.

பிறகு நானும் அந்த அணிக்கு அடிமையானேன். பெயர்கள் வாயில் நுழையாததால், மல்வேர்ன் பகுதித் தமிழர் நாங்கள் ஆட்டக்காரர்களுக்குப் பட்டம் வைத்துவிடுவோம். மூச்சு வாங்காமல் ஓடுபவர் மினிபஸ். எத்தனை பந்து போட்டாலும் சிரிக்காதவர் வாத்தியார். எல்லாரிலும் பெரிய ஆள் தென்னை. பறந்து போய்ப் பந்தைக் கூடைக்குள் குத்துவார். அந்தத் தென்னை ஒருநாள் வேறு நகரத்து அணிக்குப் போய்விட்டார். அதன் பிறகு எதிரணியில் இங்கே வரும்போதெல்லாம் சனம் ஊளையிட்டது. எல்லாரோடும் சேர்ந்து நானும் ஊளையிடுவேன். ஆனால் வீட்டுக்கு வந்து, செய்தியில் அந்த ஊளையைக் காட்டினால் ரீவியை நிறுத்திவிடுவேன்.

ஏனென்றால் நானும் ஓடிப்போனவன்தான். ஊரில் எங்கள் கரப்பந்து அணியில் பந்தை உயர்த்திக் கொடுப்பது என் வேலை. இறுதிப் போட்டிக்கு முதல்நாள் பயிற்சி முடிய, உடனே கொழும்புக்கு வரச்சொல்லி, வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்சிக்காரனின் தகவல் வந்தது. வேர்த்த உடுப்புக்கு மேலே ஒரு சேர்ட்டைக் கொளுவிக்கொண்டு பஸ் ஏறினேன். ஒருவருக்கும் சொல்லவில்லை. அணி தோற்றது. கப்டன் தில்லை அண்ணை அதன் பிறகு என்னோடு கதைக்கவே இல்லை. எத்தனையோ தரம் போன் எடுத்தேன். என் குரல் கேட்டதும் வைத்துவிடுவார்.

அந்தத் தில்லை அண்ணை இந்த வருடம் இங்கே இருக்கும் மகளிடம் விசிட்டர் விசாவில் வந்தார். அவர் திரும்பிப் போவதற்குள் எப்படியாவது சமாதானமாகிவிட வேண்டும். மகளைப் பிடித்துக் கெஞ்சி, அவரை ஆட்டம் பார்க்கக் கூட்டிப்போனேன். ரயிலில் யன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

இடைவேளையில் விளக்குகள் மங்கின. தென்னையின் நம்பர் போட்ட ஜேர்சியை மெல்ல மெல்லக் கூரைக்குத் தூக்கினார்கள். பெரிய திரையில் அவருடைய படம். சனம் முழுக்க எழுந்து நின்றது. தில்லை அண்ணை தொப்பியைக் கழற்றி, கைகட்டித் தலை குனிந்தார். அன்று என்னோடு முதன்முதலாகப் பேசினார்.

"எப்ப மோசம் போனவர்?"

நான் வாய் திறப்பதற்குள், பக்கத்துச் சீற்றில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரப் பெண்ணிடம் திரும்பி, "வெரி ஸாட்" என்றார்.

"நோ, நோ! ஹி கேம் பேக்!" என்றார் அந்தப் பெண் பூரிப்போடு.

அண்ணை திடுக்கிட்டு என் கையைப் பிடித்தார். அதே நேரம் ‘செத்தவர்’ கோட்டும் சூட்டுமாகக் கையசைத்தபடி நடந்து வந்தார். அரங்கமே அதிர்ந்தது.

"உயிரோடை இருக்கிறவன்ரை சட்டையை ஏன்ரா தூக்கிக் கட்டுறாங்கள்?"

"மரியாதை அண்ணை. இனி அந்த நம்பரை ஒருத்தரும் போடமாட்டினம். ஆள் இவையை விட்டிட்டுப் போனவர். கனகாலம் ஊளையிட்டவை. இப்ப மன்னிச்சிட்டினம்."

அண்ணை கூரையைப் பார்த்தபடி இருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"எங்கடை கிளப்பிலையும் உனக்குப் பிறகு ஏழாம் நம்பரை ஒருத்தரும் போடேல்லை."

"எனக்காகவோ அண்ணை?"

"விசரா, நீ அதைப் போட்டுக்கொண்டெல்லோ ஓடினனீ! அடுத்த நாள் உனக்குப் பதிலா இறங்கின செல்வன் வெறும் மேலோடை விளையாடினவன்!"

சொல்லிவிட்டு அவரே சிரிக்கத் தொடங்கினார். நிறுத்த முடியாமல் சிரித்தார். நான் அழுதேன். பக்கத்துப் பெண் தென்னைக்காகத்தான் அழுகிறேன் என்று நினைத்து கண் துடைக்க எனக்கு ஒரு ரிஷ்யூத் தாள் தந்தார்.

மறுநாள் அண்ணை வீட்டுக்கு வந்தார். குளிர் ஜாக்கெட்டுகளுக்கு நடுவில் தொங்கிய ஏழாம் நம்பர் ஜேர்சியை எடுத்துக் கொடுத்தேன். "கொண்டுபோங்கோ அண்ணை." அவர் விரித்துப் பார்த்தார், என் வயிற்றையும் ஒருதரம் பார்த்தார், பிறகு திரும்பவும் அலமாரியில் கொளுவினார்.

"போட்டுக்கொண்டு போனனீ. போட்டுக்கொண்டு ஊருக்கு வா."

அவர் போன பிறகு கதவைச் சாத்திவிட்டுப் போட்டுப் பார்த்தேன். தலையும் ஒரு கையும் உள்ளே போய்விட்டன. மற்றக் கை இன்னும் வெளியில்தான் நிற்கிறது.