மூச்சு வாங்குகிறது என்றாள்

அம்பாசமுத்திரத்தில் பிறந்து, பெற்றோரை இளமையிலேயே இழந்து, என் பொறுப்பில் பட்டப்படிப்பை முடித்தவள் என் தங்கை. திருமணமாகி டெல்லி ஆர்.கே.புரம் வந்து இரண்டாண்டுகளே வாழ்ந்தாள். அதற்குள் எங்கள் செக்டரில் எந்த வீட்டில் விசேஷமென்றாலும் கோலம் போட அவளைத்தான் அழைத்தார்கள். இந்தி மட்டும் அவளுக்கு வரவில்லை. காய்கறி வண்டியில் விரலைக் காட்டியே வாங்கிவிடுவாள்.

சென்ற குளிர்காலத்தில் எங்கள் இரு வீடுகளிலும் எல்லோருக்கும் ஃப்ளூ கண்டது. நாங்கள் நான்கு நாளில் எழுந்து நடமாடினோம். ஏழு மாதக் கர்ப்பிணியான அவளுக்கு மட்டும் காய்ச்சல் இறங்கவில்லை. டாக்டரிடம் அழைத்துச் செல்ல மாப்பிள்ளை லீவு போட்டிருந்தார். நான் தடுத்தேன்.

"உங்க பஜார் இந்திய வச்சுக்கிட்டு டாக்டர்கிட்ட என்னத்தப் பேசுவீங்க? நான் போறேன்."

அலுவலக இந்தித் தேர்வில் முதல் வகுப்பில் தேறியவன் நான். அந்தச் சான்றிதழ் என் வீட்டு முன்னறையில் மாட்டியிருந்ததை, இந்த நினைவஞ்சலியைப் படிக்கும் உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள்.

மூச்சு எப்படியிருக்கிறது என்று டாக்டர் இந்தியில் கேட்டார். வெளியே பெரிய வரிசை நின்றது.

"அண்ணே, மூச்சு வாங்குதுன்னு சொல்லுங்க" என்றாள் தங்கை.

"ஸான்ஸ் லே ரஹீ ஹை" என்றேன்.

சொல்லுக்குச் சொல் சரி. ஆனால் இந்தியில் அதற்குச் சுவாசிக்கிறாள் என்றுதான் பொருள். மூச்சிரைப்புக்கு அவர்கள் வேறு சொல் வைத்திருக்கிறார்கள். "அச்சா" என்று சொல்லிக் காய்ச்சல் மாத்திரை எழுதித் தந்தார் டாக்டர். மாப்பிள்ளை போயிருந்தால் மார்பில் கை வைத்து இரைத்துக் காட்டியிருப்பார்.

இரண்டே நாளில் அவள் உதடு நீலம் பாரித்தது. வயிற்றுப் பிள்ளை மேல்நோக்கி நெருக்குவதால் கர்ப்பிணிகளின் நுரையீரலுக்கு இடம் குறைவு. ஃப்ளூ நெஞ்சில் இறங்கினால் அவர்கள் தாங்குவது கடினம் என்று பெரிய ஆஸ்பத்திரியில் விளக்கினார்கள். அங்கிருந்த மலையாள நர்ஸ் பழைய சீட்டைப் புரட்டினார்.

"மூச்சுத் தொந்தரவு இல்லைன்னு எழுதியிருக்கே! யாரு இப்படிச் சொன்னது?"

தங்கை ஆக்ஸிஜன் முகமூடியை விலக்கினாள்.

"நான்தான் சரியாச் சொல்லல, சிஸ்டர்."

நான் பேசாமல் நின்றேன். பெண் குழந்தை பிழைத்தது. அவள் பிழைக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியத்தில், நம் உறவினர் ஒருவர் எல்லோர் முன்னிலையிலும் மாப்பிள்ளையிடம், "புள்ளத்தாச்சிக்குக் காய்ச்சல்னா கூடப் போவாம, ஆபீஸ்ல ஃபைல் பாத்துட்டிருந்தீராக்கும்?" என்று கேட்டார். பலர் தலையாட்டினீர்கள். மாப்பிள்ளை என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. குடும்பத்தில் மூத்தவன் என்ற மதிப்பைக் காத்துக்கொள்ள, நானும் தலையாட்டினேன்.

ஆக்ஸிஜன் சிலிண்டருக்கு அலைந்த செக்டர் நண்பர்களுக்கும், எஸ்.டி.டி. பூத்தில் நின்று ஊருக்கெல்லாம் செய்தி சொன்ன பக்கத்து வீட்டாருக்கும், தாயில்லாப் பிள்ளையைத் தோளில் போட்டு வளர்க்கும் மாப்பிள்ளையின் அன்னையாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மாப்பிள்ளைக்கு நன்றி சொல்லும் தகுதி எனக்கில்லை. அவரைப் பேசியவர்கள், பேசியதை இனி என்னிடம் பேசலாம்.

அந்த நர்ஸுக்கு நான் அன்று சொல்லாத பதிலை இங்கே அச்சில் சொல்கிறேன். என் தங்கை சரியாகத்தான் சொன்னாள்.