எந்தக் கடை ஆள்?

காரைக்குடியில் நான் உத்தியோகம் பார்த்த இடத்தைக் 'கடை' என்றுதான் சொல்வோம். அங்கே விற்பதற்கு ஒரு சாமானும் கிடையாது. மலேயாவில் வட்டித் தொழிலும் ஒரு ரப்பர் தோட்டமும், கொழும்பில் ஒரு சின்னக் கிளையும் இருந்தன. அவற்றுக்குக் கடிதம் எழுதுவது, போகிற ஆளுக்குப் பாஸ்போர்ட் வாங்குவது, வருகிற ஆளுக்குக் கணக்கு முடிப்பது, இவைதான் எங்கள் வியாபாரம். நான் பி.ஏ. படித்தவன் என்பதால் ஆங்கிலக் கடிதங்கள் என் மேசைக்கு வந்தன. விதிகள் என் மேசையிலிருந்து போயின. எந்த விண்ணப்பத்துக்கு எத்தனை நகல் என்று என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஓய்வு பெற்ற பிறகு யாரும் எழுப்புவதில்லை.

அறுபதுகளின் நடுவில் பர்மாவிலிருந்து ஆட்கள் வந்து இறங்கினார்கள். அங்கே எல்லாம் சர்க்காருக்குப் போய்விட்டது. நேற்றுவரை பத்துப் பேருக்குச் சம்பளம் கொடுத்த மனிதர்கள் ஒரு தகரப்பெட்டியோடு ரயிலடியில் நின்றதை ஊரே பார்த்தது. அந்த வாரம் எங்கள் முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"அடுத்த தடவை இப்புடி அலங்கோலமா ஆகப்படாதப்பா. அக்கரையில இருக்கிற நம்ம ஆளுகளுக்கு ஒரு பாதுகாப்பு ஏற்பாடு எழுதி வையி."

"அடுத்த தடவையும் வருமா முதலாளி?"

"மனுசன் குடியிருக்கிற ஊருதானப்பா எல்லாம்."

எழுதினேன். ஊரில் கலகம் என்று தெரிந்ததும், அங்கே நம் கடையை நடத்தும் ஏஜெண்டு அதைப் பூட்ட வேண்டும். தன் ஆட்களை எண்ணி அழைத்துக்கொண்டு கோயில் விடுதிக்குப் போக வேண்டும். போனதும் 'எங்கள் ஆட்கள் நலம்' என்று தந்தி அடிக்க வேண்டும். இங்கிருந்து உத்தரவு வரும்வரை யாரும் வெளியே போகக் கூடாது. வீடுகளுக்குத் தகவல் சொல்வது தலைமைக் கடையின் பொறுப்பு.

கடைசி விதி ஒன்று உண்டு. அதை நான் எழுதவில்லை, எனக்கு முன்பே இருந்தது. அக்கரையில் ஓர் ஆள் இறந்துபோனால் கடையிலிருந்து இரண்டு பேர் அவர் வீட்டுக்கு நேரில் போய்க் கேதம் சொல்ல வேண்டும். அன்றைக்குக் கடையை அடைக்க வேண்டும். பகலில் கடை சாத்தியிருந்தால் தெருவில் போகிறவர்களே "எந்த ஊருல, யாரு?" என்று கேட்டுக்கொண்டு போவார்கள்.

கோலாலம்பூரில் எங்கள் ஏஜெண்டு தனிக் கட்டடத்தில் இருக்கவில்லை. கிட்டங்கி என்று ஒரு நீளமான கூடம். அதில் ஐந்து கடைகள். ஒவ்வொரு கடைக்கும் ஒரு பெட்டி, ஒரு சாய்வு மேசை, ஒரு பாய் அளவு இடம். தொழிலில் ஒருவரையொருவர் ஒரு அங்குலம் நம்பாதவர்கள் ராத்திரி வரிசையாகப் படுத்துத் தூங்குவார்கள். ஐவருக்கும் பொதுவானவை மூன்று: கிணறு, சாமி படம், சமையல்காரர்.

சமையல்காரர் நாட்டரசன்கோட்டைக்காரர். விவசாயக் குடும்பம். மழை இரண்டு வருஷம் ஏமாற்றியதில் கரண்டி பிடிக்கப் போனவர். அவர் பாஸ்போர்ட்டுக்கு நான்தான் எழுதினேன். ஒரு காதுக்குக் கம்பி உடைந்து நூல் கட்டிய மூக்குக்கண்ணாடியோடு என் மேசைக்கு முன் நின்று, "அங்குட்டுப் புளி கெடைக்குமாய்யா?" என்று கேட்டார். வேறு எதுவும் கேட்கவில்லை. சம்பளத்தை ஐந்து கடைகளும் பங்கு போட்டுக் கொடுத்தன.

நான் எழுதிய ஏற்பாட்டை மற்ற நான்கு கடைகளும் நகல் கேட்டு வாங்கிப் போயின. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அவர்கள் அதில் ஒரு திருத்தம் சேர்த்தார்கள். கிட்டங்கியை விட்டு எல்லோரும் வெளியேறும்போது முன்கதவின் இரும்புப் பட்டையில் கடைக்கு ஒரு பூட்டாக ஐந்து பூட்டுப் போட வேண்டும், பின்கதவை உள்ளே தாழிட வேண்டும். ஐந்து பேரும் கூடினால்தான் கதவு திறக்கும். ஒருவர் இல்லாத நேரத்தில் இன்னொருவர் பெட்டியில் கை வைக்க முடியாது. கலகக்காரர்களை விடப் பக்கத்துப் பாய்க்காரரிடம்தான் எங்களுக்குப் பயம்.

அறுபத்தொன்பது மே மாதம் அங்கே கலவரம் வந்தது. ரேடியோவில் கேட்டுவிட்டு ஊரில் பாதிப் பேர் தபாலாபீஸ் வாசலில் நின்றார்கள். எங்கள் தந்தி வந்தது: எங்கள் ஆட்கள் நலம். மற்ற நான்கு கடைகளுக்கும் அதே வாசகத்தில் வந்தது. ஏற்பாடு எழுத்துப் பிசகாமல் வேலை செய்திருந்தது. முதலாளி கோயிலுக்கு அபிஷேகத்துக்குச் சொல்லி அனுப்பினார். எனக்கு ஒரு தட்டில் பிரசாதம் வந்தது.

அதற்கு மறுநாள் அந்த அம்மாள் வந்தார். சமையல்காரரின் மனைவி. செருப்பில்லாத காலெல்லாம் புழுதி. அவர் வேறு கடைகளுக்குப் போய்விட்டு வருகிறார் என்று அப்போது எனக்குத் தெரியாது.

"எல்லாரும் நல்லா இருக்காகம்மா. தந்தி வந்துருச்சு" என்றேன்.

"அப்புடித்தான்யா எல்லாக் கடையிலயும் சொன்னாக." தூசி படிந்த காலைப் படியில் தட்டிவிட்டுக் கேட்டார். "அஞ்சு கடையிலயும் ஆளுக நல்லா இருக்காகன்னு சொல்றீக. எங்க வீட்டுக்காரவுக எந்தக் கடையில நல்லா இருக்காக?"

நான் தந்தியை மறுபடி எடுத்துப் படித்தேன். படிக்கிற அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை.

சமையல்காரரைக் கேட்டுத் தந்தி அடித்தேன். பதில், 'எங்களுடன் இல்லை. மற்றக் கடையாருடன் இருக்கலாம்.' மற்ற நான்கு கடைகளையும் அடிக்கச் சொன்னேன். நான்கும் அதே பதில். ஐந்து ஏஜெண்டுகளும் ஒரே விடுதியில், ஒரே கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள். தன் ஆளை மட்டும் எண்ணும்படி எழுதியிருந்தது, எண்ணினார்கள். விடுதியில் கோயில் மடைப்பள்ளிச் சோறு வேளைக்கு வந்துகொண்டிருந்தது. ஒரு வேளை பட்டினி கிடந்திருந்தால் யாருக்காவது அவர் ஞாபகம் வந்திருக்கும்.

பிறகு தெரிந்தது இவ்வளவுதான். கலவரம் தொடங்கிய அன்று சாயங்காலம் சமையல்காரர் காய்கறி வாங்கப் போயிருந்தார். திரும்பி வந்தபோது கதவில் ஐந்து பூட்டுத் தொங்கியது. கடைத்தெரு முழுக்க நடைபாதை போல ஓடும் வாசல் தாழ்வாரத்தை அங்கே அஞ்சடி என்பார்கள். அந்த அஞ்சடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எதிர்க்கடைச் சீனர் மாடி ஜன்னலைத் திறந்து, தன் வீட்டுக்கு வந்துவிடும்படி சைகை செய்தார். இவர் பூட்டுகளைக் காட்டி, பிறகு தெருமுனையைக் காட்டினாராம். வந்துவிடுவார்கள் என்று சொன்னதாகச் சீனர் எடுத்துக்கொண்டார். அப்புறம் தெருவில் சத்தம் கேட்டது. சீனர் ஜன்னலைச் சாத்திவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அவர் ஒருவர்தான் அந்த ஆளைக் கூப்பிட்டவர்.

ஊரடங்கு தளர்ந்து எங்கள் ஏஜெண்டு ஆஸ்பத்திரிக்குப் போனபோது, கேட்பாரில்லாதவர்களோடு சேர்த்து அவரைப் புதைத்துவிட்டிருந்தார்கள். நூல் கட்டிய கண்ணாடி ஒன்று மட்டும் ஒரு உறையில் இருந்தது.

அந்த அம்மாளைக் கடைக்கு வரவழைத்து நான்தான் சொன்னேன். அவர் அழவில்லை. பக்கத்திலிருந்த தூணைப் பிடித்துக்கொண்டார்.

"இங்க சொன்னா ஆகாதுய்யா. வீட்டுல வந்து சொல்லணும். நாஞ் சொன்னா எங்க மாமியா நம்பாது. எங்க கூட்டத்துல யாரும் நம்ப மாட்டாக. கடைக்காரவுக வந்து சொல்லணும்."

முதலாளியிடம் போனேன். அவர் கெட்டவர் இல்லை. வெகுநேரம் விசிறியால் முதுகைச் சொறிந்துகொண்டிருந்தார்.

"நாம போயிச் சொன்னா நம்ம ஆளுன்னு ஆயிரும்ல?"

"நம்ம ஆளுதானே முதலாளி."

"அஞ்சுல ஒரு பங்குதானப்பா நம்ம ஆளு. பெறகு நாலு பேரு கையக் கழுவிக்கிட்டுப் போயிருவாக. சேந்து போவோம். அதுதான் மொறை."

ஐந்து கடைக்காரர்களும் சேர்ந்து போவதென்று முடிவானது. கேதம் சொல்ல ஒரு நாள் குறிக்க வேண்டும். ஒருவர் பினாங்கு போயிருந்தார். அவர் வந்தபோது இன்னொருவர் கண்டனூரில் பேத்தி கல்யாணத்துக்காக வீட்டைத் திறந்து வெள்ளையடித்துக்கொண்டிருந்தார். கல்யாண வீட்டுக்காரர் கேதத்துக்குப் போகக் கூடாது. அது முடிந்ததும் மூன்றாமவருக்குக் காலில் கட்டி. ஐந்து பேர் கூடினால்தான் திறக்கும் கதவு எங்கள் ஊரிலும் ஒன்று இருந்தது.

கண்ணாடி ஒரு பிரயாணியின் கையில் வந்து சேர்ந்தது. மேசை இழுப்பறையில் அதை வைத்துக்கொண்டு என்னால் வேலை பார்க்க முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நாட்டரசன்கோட்டைக்குப் பஸ் ஏறினேன்.

வீட்டு வாசலில் கோழிக்குக் கம்பு இறைத்துக்கொண்டிருந்தார் சமையல்காரரின் தாயார். மருமகள் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றார். நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிக் கண்ணாடியை நீட்டினேன். கிழவி அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அவன் கண்ணாடிதான். மறந்து வச்சுட்டுப் போயிட்டான் போல. இது இல்லாம அவனுக்குச் சோத்துல கல்லுத் தெரியாதே."

"இல்லைம்மா. அவர் தவறிப்போயிட்டார்."

"நீங்க எந்தக் கடைய்யா?"

சொன்னேன்.

"எம்மகன் உங்க கடை ஆளா?"

"ஆமா. எங்க ஆளுதான்." அப்படிச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. இருந்தும் சொன்னேன்.

"கூட யாரு வந்துருக்காக?"

"நான் மட்டும்தான் வந்தேன்."

"கடையை அடைச்சீகளா?"

"இல்லைம்மா" என்றேன். பொய் சொன்னால் நாளைக்கே சந்தைக்குப் போகிறவர்கள் மூலம் விசாரித்துத் தெரிந்துகொள்வார்.

"ரெண்டு பேரு வரல. கடையை அடைக்கல." கிழவி கண்ணாடியைத் தன் முந்தானையில் துடைத்து மடித்தார். "எங்க தெருவுல ரங்கூனுல செத்தவுக உண்டுய்யா. எப்புடி வந்து சொல்லுவாகன்னு எனக்குத் தெரியும். நீங்க நல்ல மனுசராத்தான் தெரியுது. யாரோ உங்களுக்குத் தப்பாச் சொல்லிப்புட்டாக. எம்மகன் வந்துருவான்."

மருமகள் என்னை பஸ் நிற்கும் இடம்வரை வந்து விட்டுப் போனார். நெற்றியில் குங்குமம் இருந்தது. தினமும் காலையில் மாமியார் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பல் விளக்கப் போவாராம். "நான் எதுய்யா? இருக்கிறவளா, அறுத்தவளா?" என்று கேட்டார்.

ஏற்பாட்டைத் திருத்தினேன். எந்தக் கடைக்கும் தனியாகச் சேராத ஆளை முதலில் எண்ண வேண்டும், அவர் வந்த பிறகே கதவைப் பூட்ட வேண்டும் என்று சேர்த்தேன். எழுபத்தேழில் கொழும்பில் கலவரம் வந்தபோது எங்கள் கிளையின் தந்தி, 'சமையல்காரர் நலம், மற்றவர்களும் நலம்' என்று அதே வரிசையில் வந்தது. அந்தச் சமையல்காரர் ராமேஸ்வரம் வழியாக வந்து சேர்ந்தார். வழியெல்லாம் தனக்கு நடந்த உபசாரத்தைச் சொல்லி ஊரைச் சிரிக்க வைத்தார். "ஏஜெண்டு அய்யா ராத்திரி மூணு தரம் எந்திரிச்சு என்னையத் தொட்டுப் பாத்தாக. பொண்டாட்டி கூட அப்புடிப் பாத்ததில்ல." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு என் மேசைக்குப் போய்விட்டேன்.

அதற்கு அடுத்த வருஷம் கோடையில் நாட்டரசன்கோட்டை அம்மாள் மறுபடி கடைக்கு வந்தார். தலை பாதி நரைத்திருந்தது. நெற்றி வெறுமையாக இருந்தது. மாமியார் இறந்து காரியமும் முடிந்துவிட்டது என்றார். எரிக்கப் போகும்போது அந்தக் கண்ணாடி மடியில் இருந்ததாம். மகன் வந்தால் தேடுவான் என்று எங்கும் வைக்கவில்லையாம்.

"சேந்தாப்புல ரெண்டு பேருக்கும் தண்ணி ஊத்திட்டேன்யா. அதைச் சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

நான் எழுந்து, முதலாளியிடம் பேசுகிறேன் என்றேன். இன்றைக்காவது கடையை அடைக்கச் சொல்கிறேன் என்றேன். அவர் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார்.

"இனிமே அடைக்க வேணாம்யா. கேட்டவுக போயிட்டாக."

தண்ணீர் கூடக் குடிக்காமல் படியிறங்கிப் போனார். மதியத் தபால் வந்தது, பிரித்தேன். அன்று கடையை வழக்கமான நேரத்துக்குத்தான் அடைத்தோம்.