ஒரு பக்கம் மட்டும்

டெல்ஃபா ரிக்கெட்ஸ் குதிரையிலிருந்து விழுந்தது ஹாலிஸ் கிரேடியின் பண்ணையில். சேணத்தைக் குதிரையின் வயிற்றோடு இறுக்கும் பட்டை இற்றுப்போயிருந்தது. அங்கே வேலைக்கிருந்த அவள் அதை மாற்றச் சொல்லி முன்பே கேட்டிருந்தாள். அவர் காதில் வாங்கவில்லை. பாறைமேல் விழுந்தவளுக்கு இடுப்பெலும்பு முறிந்தது.

"காலையிலயே ஊத்திக்கிட்டு ஏறினா விழாம என்ன செய்வா?" என்று தீவனக்கடையில் நின்று ஊருக்கே சொன்னார் கிரேடி. அந்தக் கொலராடோ மலையூரில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. வேறு எந்தப் பண்ணையும் அவளைச் சேர்க்கவில்லை. எலும்பு கூடிய பிறகும் உடம்பு வலப்பக்கம் சாய்ந்தே நின்றது. தெருவில் அவளைக் கண்டால், "பாருங்கடா, இன்னும் தெளியல" என்பார். கடைவாசலே சிரிக்கும்.

அந்தச் சிரிப்பைக் காதில் சுமந்துகொண்டுதான் போல்டர் நகரத்துக்குப் போனாள். அங்கே உடம்பை அழுத்திச் சரிசெய்யும் இங்கா என்ற பெண் அவளை நிற்கவைத்துச் சுற்றிவந்து பார்த்தாள்.

"எலும்பு நல்லாத்தான் சேர்ந்திருக்கு. சதையைச் சுத்தி ஒரு சவ்வு இருக்கு பாரு, அதுதான் அன்னிக்கு இறுகினது, விடவே இல்ல. சட்டையை ஓரத்துல பிடிச்சு இழுத்தா தோள் கோணுதில்ல? அப்படித்தான்."

முழங்கையாலும் விரல்முட்டிகளாலும் இங்கா அந்த இறுக்கத்தை மெல்ல மெல்ல இளக்கினாள். சில வாரங்களில் டெல்ஃபாவின் மூச்சு விலாவின் அடிவரை இறங்கியது. இரண்டு பாதமும் ஒரே கனமாகத் தரையில் பதிந்தன. நேராக நடந்த முதல் நாள், மகிழ்ச்சிக்கு முன்னால் கிரேடியின் முகம்தான் நினைவுக்கு வந்தது. அந்த வித்தையைக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பினாள். தீவனக்கடைக்கு எதிரிலேயே அறை எடுத்தாள். கிரேடி வரட்டும் என்று காத்திருந்தாள்.

வந்தார். கூன் விழுந்து, தோள்கள் காதுவரை ஏறி, சேணத்தில் உட்காரவே முடியாமல் போன பிறகு வந்தார்.

"உன் கையைப் பத்தித்தான் எல்லாரும் பேசறாங்க, டெல்ஃபா. பழசை மனசுல வெச்சுக்காத."

"படுங்க முதலாளி."

வலிக்க வலிக்க அழுத்தியிருக்கலாம். அழுத்தவில்லை. வலப்பக்கம் முழுவதையும், தோள் முதல் பாதம் வரை, பொறுமையாக, அருமையாகச் செய்தாள். பிறகு, "எழுந்து கண்ணாடியைப் பாருங்க" என்றாள்.

வலத்தோள் இறங்கி அகன்றிருந்தது. இடத்தோள் பழையபடி காதோரம். நடந்தபோது ஒரு கால் படியிலும் ஒரு கால் தரையிலும் வைத்தவர்போலத் தடுமாறினார்.

"என்ன இது, கோணிக்கிட்டு நிக்கறேன்!"

"இன்னொரு பக்கம் பாக்கியிருக்கில்ல."

"அப்ப செஞ்சு தொலை!"

"பட்டை இத்துப்போயிருந்துச்சுன்னு சொல்லுங்க. எங்கிட்ட இல்ல, எதிர்க்கடையில. அப்புறம் செய்யறேன்."

கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு வெளியேறினார். சாய்ந்து சாய்ந்து தெருவைக் கடந்தவரைப் பார்த்துக் கடைவாசலிலிருந்து யாரோ, "என்ன ஹாலிஸ், காலையிலயேவா?" என்றார்கள். சிரிப்பு எழுந்தது. ஜன்னலோரம் நின்று அதை ஆசைதீரக் கேட்டாள்.

பிடிவாதமாகத்தான் இருந்தார். ஆனால் ஒரு பக்கம் சுகம் கண்ட உடம்பு மறுபக்கத்தைச் சும்மா விடவில்லை. ஒரு சனிக்கிழமை, கடை நிறையக் கூட்டம் இருக்கையில், தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். தீவன மூட்டைகளுக்குப் பக்கத்தில் டெல்ஃபா.

"அவ குடிக்கல" என்று முணுமுணுத்தார். "பட்டை இத்துப்போயிருந்துச்சு. எனக்குத் தெரியும்."

"பின்னாடி நிக்கறவங்களுக்குக் கேக்கல, முதலாளி."

திரும்பவும் சொன்னார், உரக்க. யாரும் சிரிக்கவில்லை.

அன்று பிற்பகலே இடப்பக்கத்தைச் செய்தாள். சொன்ன சொல் ஆயிற்றே. நன்றிகூடச் சொல்லாமல் எழுந்து போனார் கிரேடி, வாலிபனைப்போல நிமிர்ந்து. அந்த முதுகு அவள் கைவேலைதான். அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு எரிந்தது. குளிர்காலம் வரைக்குமாவது கோணலாகவே அலையவிட்டிருக்கலாம் என்று நினைத்தபடி கைகளைக் கழுவினாள்.